மொண்ணன் கதவடச்ச வருசம்

சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க, ஆனா வாயில இருக்குற டீய முழுங்கிட்டுச் சிரிங்க, பொரையேறிக்கும். நெழல மடிக்க முடியாதுன்னு உங்களுக்கு எந்தக் காலேஜுல சொல்லிக்குடுத்தாங்களோ எனக்குத் தெரியாது, நான் மடிச்சிருக்கேன், இந்தக் கையால, நாலா மடிச்சு, தகரப்பொட்டிக்குள்ள வச்சு, மேல ரெண்டு அந்துருண்டையும் போட்டு மூடியிருக்கேன். நீங்க என்னடான்னா செவப்பு மை டப்பாவத் தூக்கிட்டு மலை ஏறி வந்து, பிள்ளக்காம்பரா வாசல்ல நிக்குற ஓக்கு மரத்துல பெருக்கல் குறியப் போட்டுட்டு, "பாட்டி, கெழக்குப் பக்கத்துக் கெளை பட்டுப்போயிருக்கு, மரத்துக்குச் சீக்கு, நாளைக்கு ஆளுங்க ரம்பத்தோட வருவாங்க"ன்னு சொல்றீங்க. அந்தக் கெளை பட்டு அம்பது வருசம் ஆவுது தம்பி. அது சீக்கு இல்ல, சீக்குக்குப் போட்ட தாப்பாள். அது எப்படிப் பட்டுச்சுன்னு கேட்டுட்டு அப்புறம் வெட்டுறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. வர்க்கி எடுத்துக்கங்க, டீயில தொட்டுத் தின்னா பல்லுக்கு நோவாது.

நாங்க கப்பல்ல வந்து எறங்குன மறு வருசம் அது. இலங்கையில பொறந்து, இலங்கையில தேயிலைக் கொழுந்து கிள்ளி, ரெண்டு கவர்மெண்டும் உக்காந்து பேசி ஆட்டுமந்தையப் பிரிக்கிற மாதிரி எங்களப் பிரிச்சு அனுப்புனாங்களே, அந்தக் கூட்டம். எங்கக்கா அந்தக் கரையில, நான் இந்தக் கரையில, கப்பல் கெளம்பயில அவ முந்தானையத் தூக்கி ஆட்டுறா, நான் என் முந்தானைய... அத விடுங்க, அத ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது. வயித்துல புள்ளையோட இந்தத் தேன்மட்டம் எஸ்டேட்டுக்கு வந்தேன். வந்து ஏழாம் நாளு தெய்வான பொறந்தா. பொறந்தவளுக்கு ஒரு தொல்லை. வெயில் பட்டா ஒடம்பெல்லாம் கொப்பளம் கொப்பளமாப் பொங்கிரும். எஸ்டேட்டு மருந்துக்காரரு பாத்துட்டு, "வெயில்ல காட்டாதம்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாரு. கொழுந்துக்காரி புள்ளைய வெயில்ல காட்டாத வளக்குறது, மீன்காரி புள்ளைய மீன் வாடை படாம வளக்குற மாதிரிதான்.

அப்ப இந்த எஸ்டேட்டுல மரம் மூணு சாதி. தேயிலைக்குள்ள நிக்குற சில்வர் ஓக்கு ஒண்ணு. அது பேருலதான் ஓக்கு, அந்த வருசம் ஒரு வண்டு கூட அத மதிச்சு ஏறல. மத்த ரெண்டும் நெசமான ஓக்கு. ஒரு வெள்ளக்காரத் தொரை, பொண்டாட்டி ஊரு ஞாபகத்துல அழுதுக்கிட்டே இருக்காளேன்னு கப்பல்ல கன்னு வரவழச்சு நட்டாராம். அந்தம்மா வந்து இலையக் கையில வச்சுப் பாத்துட்டு, இது எங்க ஊரு மரமே இல்ல, வேற தேசத்து மரம்னு சொல்லிட்டு இன்னும் கூட நாலு நாள் அழுதாளாம். அப்படி எங்க டிவிசன்ல நட்டதுல பன்னெண்டு மரத்துக்கு இலையோட ஓரமெல்லாம் கூர் கூரா, முள்ளு வச்ச மாதிரி இருக்கும், அவனுங்க பேரு கூரனுங்க. நாங்க வரிசையாக் குடியிருந்த லயத்துலருந்து பிள்ளக்காம்பரா வரைக்கும் பாதையோரமா வரிசையா நிப்பானுங்க, சடசடன்னு வளந்தவனுங்க, மண்ணுக்குள்ள ஒருத்தன் வேர ஒருத்தன் புடிச்சுக்கிட்டு நிக்குறவனுங்க. பதிமூணாவதா ஒண்ணு, இலை ஓரமெல்லாம் மொண்ணையா, கொழந்த வெரலு மாதிரி. அவன் மொண்ணன். சோம்பேறி. கூரனுங்க வீட்டு ஓட்டுக்கு மேல வளந்த வயசுல இவன் இடுப்பு ஒசரந்தான் இருந்தானாம். ஆனா அவன் கீழதான் எங்க புள்ளைங்க இருந்துச்சுங்க. பிள்ளக்காம்பரான்னா, நாங்க வேலைக்குப் போகயில புள்ளைங்கள விட்டுட்டுப் போற கொட்டாய். தகரக் கொட்டாய். எங்க மட்டம் கீழ்மலை, வெயில் காஞ்சா அந்தத் தகரத்துல தோச சுடலாம். அதனால புள்ளைங்களப் பாத்துக்குற எஸ்தரு ஆயாம்மா மொண்ணனோட கெளைங்கள்ல தொட்டில் கட்டிருவாங்க. இருபத்தி மூணு தொட்டில். தெய்வானையோடது கெழக்குக் கெளையில. அங்கயும் இலைச் சந்துல வெயில் பொட்டுப் பொட்டா எறங்கி, சாயந்தரம் நான் தூக்கயில புள்ள மேலெல்லாம் பொட்டுப் பொட்டாக் கொப்பளம்.

சித்திரை மாசம், லயத்தோரம் நிக்குற மொதக் கூரனுக்கு உச்சி இலை ஓரத்துல பீடி பத்துன மாதிரி கருகுச்சு. தேயிலைக்காரங்களுக்கு ஒரு புத்தி உண்டு தம்பி. செடி சோந்தாலும், கெழடானாலும், இலை சிறுத்தாலும் ஒரே வைத்தியந்தான், கவ்வாத்து. இடுப்பு மட்டத்துக்கு வெட்டி மொட்டையடிச்சு விட்டா மூணு மாசத்துல குருத்து விட்டு நிக்கும். அதே புத்தியில பொன்னுரங்க மேஸ்திரி சொன்னாரு, "ஓக்குக்கும் கவ்வாத்துப் போடுங்கடா. கவ்வாத்துக் கத்தி பட்டா என் மாமியாரே துளுத்துரும்." அந்த மாமியாக்காரி பின்னாலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு, அது அவரு தலைமேல கூடையக் கவுத்துச்சு, அது தனிக் கத. எங்க வீட்டுக்காரரு கவ்வாத்து ஆளு. பேரச் சொல்ல மாட்டேன், மேஸ்திரி கூப்புடுற மாதிரி சொன்னா சடயன். அவரும் இன்னும் நாலு பேரும் ஏறி, சீக்குப் புடிச்ச மொதக் கூரன வெட்டுன அதே கத்தியத் தொடைக்காமக் கொள்ளாம, நல்லா இருந்த பதினோரு பேரையும் வெட்டிக்கிட்டே வந்து, கடைசியா மொண்ணனோட கெழக்குக் கெளையில ஒரு வெட்டுப் போட்டாரு. ஆயாம்மா வெளக்கமாத்தோட ஓடியாந்துட்டாங்க. "எறங்குடா சடயா! எம்புள்ளைங்க தலைக்கு மேல கத்தி ஓங்குறியா?" அந்த ஒரு வெட்டோட எறங்கிட்டாரு. அந்த ஒரு வெட்டுதான் தம்பி.

பத்து நாளுல மரம் ஒண்ணொண்ணா மணக்க ஆரம்பிச்சுது. பழுத்து வெடிச்ச பலாப்பழத்த வெயில்ல வச்சா எப்படி இருக்கும், அப்படி. வாசனை வந்ததும் ஆத்தாளே மலையேறி வந்துட்டான்னு சில பேரு மஞ்சத்தண்ணி கொண்டாந்து ஊத்துனாங்க. ஆயாம்மா மட்டும் நகத்தால பட்டையப் பேத்துப் பாத்தாங்க. உள்ள, நாலு நாளு மறந்துட்ட மாவுச் சட்டியில பூக்குமே பூசணம், அது மாதிரி சாம்பக் கலருல மெத்தை மெத்தையா இருந்துச்சு, அந்த மெத்தையில எள்ளு எள்ளா வண்டு. அந்தப் பழ வாசனைக்கு வந்த வண்டு, பூசணத்தக் கால்ல அப்பிக்கிட்டு, கத்தி பட்ட காயமாத் தேடித் தேடிப் போயி உக்காந்துச்சு.

அப்புறந்தான் நெழலு கழண்டுச்சு. பகல் பதினோரு மணி, கொழுந்து நிறுக்க நாங்க வரிசையில நிக்குறோம், நனஞ்ச சேலைய யாரோ கல்லுல அறைஞ்ச மாதிரி ஒரு சத்தம், திரும்பிப் பாத்தா மொதக் கூரனோட நெழலு வேரடியிலருந்து பிஞ்சு, ஓரமெல்லாம் அப்பளமாச் சுருண்டு தரையில கெடக்கு, மரம் மேல இலையோடதான் நிக்குது, ஆனா மரத்தடியில நட்ட வெயில் அடிக்குது. மேஸ்திரி பாத்துட்டு, "நடுப்பாதையில கெடக்கு பாரு, யாராவது கால் தடுக்கி விழப்போறாங்க, ஓரமா எடுத்துப் போடுங்கம்மா"ன்னாரு. ஆறு பேரு புடிச்சுத் தூக்குனோம். அன்னைக்கு நனஞ்ச கம்பளி மாதிரி கனம், மறுநாளு வேட்டி கனந்தான். விழுந்த மரத்து வெறகு எஸ்டேட்டுக்குச் சொந்தம், நெழலு யாருக்குச் சொந்தம்னு ஆபீசு சட்டத்துல எழுதல, அதனால பொம்பளைங்க வெட்டிப் பங்கு போட்டுக்கிட்டோம்.

எப்படிப் பொழங்குனோம்கிறீங்க! தலையில முக்காடாப் போட்டுக்கிட்டு உச்சி வெயில்ல கொழுந்து கிள்ளுனோம், மோர்ச் சட்டியச் சுத்தி வச்சா மூணு நாளு புளிக்காது, அண்ணன் வீடு தம்பி வீடுன்னு கீழ் டிவிசனுக்கெல்லாம் மொழம் மொழமாக் குடுத்தனுப்புனோம், என் கூடக் கொழுந்து கிள்ளுற பெருமாயி, அவ தங்கச்சி கல்யாணத்துக்கு நெழல முக்காடு போட்டு மணவறையில உக்கார வச்சா, மாப்பிள்ளைக்குப் பொண்ணு மொகமே தெரியல, தாலியத் தோழி கழுத்துக்குக் கொண்டு போயிட்டான், நல்லவேள பெருமாயி கையப் புடிச்சுத் திருப்புனா. எனக்கு ரெண்டு மொழம் கெடச்சுது. அதே கெழக்குக் கெளையில தெய்வானைக்குத் தொட்டில் கட்டுனேன். நாலு மாசமாக் கத்திக்கிட்டுக் கெடந்த புள்ள அன்னைக்குத்தான் சத்தமில்லாமத் தூங்குச்சு. பயந்து போயி மூக்குல வெரல வச்சுப் பாத்தேன்.

ஒவ்வொரு கூரனா வரிசையா நெழல உதுத்தான், உதுத்த பத்தாம் நாளு இலைய உதுத்தான், அப்புறம் வெறும் குச்சியா நின்னான். கூரனுக்குத் தண்ணி குடிக்குற நரம்பெல்லாம் தொறந்தே கெடக்கும் தம்பி, பூசணம் உச்சியில நொழஞ்சா தடுக்க ஆளில்லாம வேருக்கு ஓடும், வேரோட வேரு புடிச்சிருக்கானுங்களே, அடுத்தவனுக்குப் போயிரும். சரி, வேரு வழியாப் போவுதுன்னே வைங்க, அதே தொரை கீழ் டிவிசன்லயும் ஒண்ணு நட்டிருந்தாரு, அங்க ஒத்தையா நின்ன கூரனும் செத்தானே, அது எப்படி? ஆயாம்மாதான் கண்டுபுடிச்சாங்க. நாங்க குடுத்தனுப்புன நெழல அங்க மரத்துல கட்டித் தொட்டிலாட்டியிருக்காங்க. ஆயாம்மா பெருமாயியோட முக்காட்ட வாங்கி வெள்ளைத் துணி மேல உதறிக் காட்டுனாங்க. பொலபொலன்னு எள்ளு. எள்ளுக்குக் காலு.

"சீக்கு நெழலோட நடக்குதும்மா. எல்லாத்தையும் எரிச்சுருங்க"ன்னாங்க.

"நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க ஆயாம்மா, நெழலுக்குக் கூடப் பேயோட்டுவீங்க"ன்னு பெருமாயி சிரிச்சா.

"சிரி. மொண்ணனும் போனா இருபத்தி மூணு புள்ளையும் தகரத்துக்கு அடியில வேவுங்க, அப்பயும் சிரி."

சிரிப்பு நின்னுச்சு. அன்னைக்கே பிரட்டுக்களத்துல, காலையில ஆளெடுக்குற எடத்துல, எல்லாரும் கொண்டாந்து குமிச்சாங்க. நெழலு எரிஞ்சு நீங்க பாத்ததில்ல. சூடு வரும், வெளிச்சம் வராது. தீ ஏற ஏறச் சுத்தியும் மங்கலாவும். எல்லாரும் போட்டாங்க தம்பி. நான் போடல. என் புள்ள அதுலதான் தூங்குது. எந்தத் தாயி போடுவா? மடிச்சுத் தகரப்பொட்டியில வச்சு, "போட்டுட்டேன்"னு சொல்லிட்டேன்.

எரிச்ச எட்டாம் நாளு பன்னெண்டாவது கூரனும் மணத்தான். அவனுக்குப் பக்கத்துல மொண்ணன். யாரோ ஒருத்தி நெழல எரிக்காம ஒளிச்சு வச்சிருக்கான்னு பேச்சாப்போச்சு. அவ இவளப் பாக்குறா, இவ அவளப் பாக்குறா, தண்ணிக் கொழாயடியில வாளி வச்சுட்டுப் போனா நகத்தி வைக்குறாங்க, ஒரே லயத்துல ஒரே அடுப்புல கஞ்சி காச்சுன பொம்பளைங்க. காலங்காத்தால ஆயாம்மா வீடு வீடாப் பொட்டியத் தொறந்து பாத்துக்கிட்டு வாராங்கன்னு சத்தம் கேட்டதும், நான் நெழல எடுத்து இடுப்புல சுத்தி, மேல சேலையக் கட்டிக்கிட்டுப் பிரட்டுக்குப் போயிட்டேன். வயித்துல சில்லுன்னு, ஆத்துத் தண்ணியில நிக்குற மாதிரி.

பிரட்டுல வரிசையா நிக்கோம். பொழுது எங்க முதுகுல. எல்லாரு நெழலும் முன்னால மேஸ்திரி காலு வரைக்கும் நீளுது. குனிஞ்சு பாக்குறேன், என் நெழலச் சுத்திக் கூர் கூரா இலை. காத்தே இல்ல, அது அசையுது. பக்கத்துல பெருமாயி பாத்துட்டா. "ஏ அங்கம்மா, உன் நெழலு என்னடி தோகை விரிக்குது?" மேஸ்திரி பேரு கூப்புடுறத நிறுத்திட்டுத் தலையத் தூக்குனாரு. அப்ப எங்க வீட்டுக்காரரு, அந்தப் பக்கம் ஆம்பள வரிசையில நின்னவரு, விடுவிடுன்னு வந்து என் பின்னால நின்னுக்கிட்டாரு, அவரு நெழலு என் நெழலு மேல விழுந்து மூடிக்கிச்சு. "என்னடா சடயா, பொம்பள வரிசையில?" "வெத்தலை கேக்க வந்தேன் மேஸ்திரி." எல்லாரும் சிரிச்சாங்க. ஆயாம்மா அங்கதான் நின்னாங்க. அவங்க சிரிக்கல.

பிரட்டு முடிஞ்சு புள்ளைய விடுறதுக்குப் பிள்ளக்காம்பராவுக்குப் போனேன். ஆயாம்மா என் கையப் புடிச்சு மரத்தடிக்கு இழுத்துட்டுப் போனாங்க. "மேல பாரு"ன்னாங்க. பாத்தேன். கெழக்குக் கெளை நுனியில, எங்க வீட்டுக்காரரு போட்ட அந்த வெட்டுக்கு மேல, நாலு இலை பீடி பத்துன மாதிரி. தெய்வான தொட்டிலுக்கு நேர் மேல.

"எங்கிட்ட இருக்கு ஆயாம்மா. இத எரிச்சா எம்புள்ளைக்கு நெழலு ஏது?"

"எரிக்கலேன்னா இருபத்தி மூணுக்கும் ஏது? உம்புள்ளையும் அதுல ஒண்ணுதான்."

அங்கயே அவுத்துக் குடுத்தேன். மடிப்புலருந்து வண்டு கொட்டுச்சு, என் இடுப்புலயும் வரி வரியாக் கடிச்சிருந்துச்சு. ஆயாம்மா பால் காச்சுற அடுப்புல போட்டாங்க. அடுப்பெரியுது, அடுப்படி இருட்டாவுது. அந்த இருட்டுல நின்னு, நாந்தான் ஒளிச்சு வச்சேன்னு, வந்த ஒவ்வொரு பொம்பளைகிட்டயும் சொன்னேன். பெருமாயி ஒரு அறை விட்டா. அப்புறம் புள்ளைய வாங்கிக்கிட்டா.

அன்னைக்கே கடைசிக் கூரனுக்கும் மொண்ணனுக்கும் நடுவுல ஆளொசரத்துக்குக் குழி தோண்டுனோம். மொதக் கடப்பாறை மேஸ்திரி போட்டாரு. கூரன் வேரு மொண்ணன் வேரத் தேடி வந்து, ஒரு வெரக்கடை எட்டத்துல நின்னுருந்துச்சு தம்பி. ஒரே ஒரு வெரக்கடை. வெட்டுனோம். எனக்குக் கப்பல் ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்டுக்காரரு கத்தியோட வந்து, "கெளைய ஒரே வெட்டுல எடுத்துர்றேன் ஆயாம்மா"ன்னாரு. "உன் கத்தி பட்டுத்தான்டா இந்தக் கதி. இப்பக் காயம் பண்ணுனா மலையில இருக்குற வண்டெல்லாம் இங்கதான்"னு சொல்லிட்டாங்க. அவரு அந்தக் கத்தியக் குழியிலயே போட்டு மண்ணத் தள்ளுனாரு.

ஆயாம்மா சேலை ஓரத்தக் கிழிச்சு, கெளை மரத்தோட சேருற எடத்துல கட்டுனாங்க. கருகல் அதத் தாண்டுனா மரம் போச்சு. ஒரு நாளைக்கு ஒரு சாண் எறங்குச்சு. சோத்து வேளைக்கு யாரும் லயத்துக்குப் போகல, தூக்குவாளியோட மரத்தடியில உக்காந்து மேல பாத்துக்கிட்டே தின்னோம். பதினெட்டாம் நாளு துணிக்கு ஒரு சாண் இருந்துச்சு. பத்தொம்பதாம் நாளு துணியத் தொட்டுச்சு. தூக்குவாளிய மூடி வச்சுட்டோம். இருபதாம் நாளு துணிக்குக் கீழ இருந்த இலை பச்சை. இருபத்தி ஒண்ணும் பச்சை. கூரனுக்கு இல்லாத புத்தி மொண்ணனுக்கு இருந்துச்சு தம்பி; சீக்கு வந்த அறையோட கதவ அவனே உள்ளருந்து சாத்தி, நரம்பு நரம்பா அடச்சு, ஒரு கெளையச் சாகக் குடுத்துட்டு மிச்சத்த வச்சுக்கிட்டான். ஆயாம்மா மரத்துல காத வச்சுட்டு, தாப்பாப் போடுற சத்தம் கேக்குதுன்னாங்க. எனக்குக் கேக்கல, பொய் சொல்லக் கூடாது.

அந்தக் கெளையோட நெழலு மட்டும் தனியா விழுந்துச்சு, ஒல்லியா, ஒரு தொட்டில் அளவுக்கு. எரிக்கத்தான் போனோம். ஆயாம்மா மடிப்பு மடிப்பா உதறிப் பாத்தாங்க, ஒத்த வண்டு இல்ல. "ஒரு வருசம் வெயில்ல காயட்டும், ஈரம் படாம. ஈரம் பட்டாத்தான் பூசணம் பூக்கும். காஞ்சப்புறம் உம்புள்ளைக்கு எடுத்துக்க"ன்னாங்க.

அந்த ஒரு வருசம்? சொல்றேன். மறுநாளு காலையில தொட்டில்கிட்ட பெருமாயி நிக்குறா, பொழுதுக்கு முதுகக் காட்டிக்கிட்டு, அவ நெழலு தெய்வான மேல விழுது. ஒரு நாழி கழிச்சு வேற ஒருத்தி வந்தா, இவ கொழுந்துக்குப் போனா. யாரும் யாருக்கும் சொல்லல. முறை வச்ச மாதிரி ஆளு மாறி ஆளு வந்து நின்னாங்க, பொழுது நகர நகர அவங்களும் நகந்தாங்க, சாயந்தரம் ஆம்பளைங்களும் நின்னாங்க, என்னை அறைஞ்ச கை, என் வாளிய நகத்துன கை. ஒரு வருசம் எம்புள்ள மனுச நெழல்ல வளந்துச்சு தம்பி. ஒத்தக் கொப்பளம் இல்ல.

இப்பச் சொல்லுங்க. அந்தப் பட்ட கெளைய ரம்பம் வச்சு அறுத்தா, அவன் சாத்தி வச்ச கதவு தொறந்துக்கும். அதுவும் இப்பச் சித்திரை. வண்டு வாசனை புடிக்கிற மாசம். மண்ணெண்ணெய் தர்றேன், துணி தர்றேன், நீங்க போட்ட குறிய நீங்களே தொடச்சுட்டுப் போங்க. இன்னும் சிரிக்கிறீங்க பாருங்க. கத கட்டுறேன்னு நெனைக்கிறீங்க. இருங்க, என்னமோ கையில விழுந்துச்சே... தூறலா? அடியே தெய்வான! ஏ தெய்வான! மழை வருதுடி, கொடியில காயுற நெழல மொதல்ல எடுத்து உள்ள கொண்டா, துணியெல்லாம் நனஞ்சா நனையட்டும்!